முகப்பில் ஒரு பெயர், இன்ஜின் தகட்டில் இன்னொரு பெயர்

லாரிகளின் டீசல் இன்ஜின்களைப் பற்றியும், அவற்றைச் செய்யும் நிறுவனங்களுக்கும் லாரி தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான கூட்டுகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் லாரியின் முகப்பில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. மெக்கானிக்கோ இன்ஜின் வேறொரு நிறுவனத்துடையது என்கிறார். காசு கொடுத்து வாங்கியவனிடம் இதை மறைப்பது சரியா? (ஒரு லாரி உரிமையாளர்)

பெரும்பாலும் இதில் மறைப்பு ஏதுமில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை. லாரி தயாரிப்பாளர் என்று நாம் அழைக்கும் நிறுவனங்கள் பலவும் சேசிஸையும் கேபினையும் தாமே வடிவமைத்து, இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்றவற்றில் சிலவற்றையோ முழுவதையுமோ வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியே வண்டியை முடிக்கின்றன. கென்வொர்த், பீட்டர்பில்ட் என்ற இரு பெயர்களில் லாரி விற்கும் அமெரிக்காவின் பாக்கார் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுத்தர வண்டிகளில் வரும் பி.எக்ஸ்.-7 இன்ஜினின் மேல்மூடியில் பாக்கார் என்றுதான் பொறித்திருக்கும். அதைச் செய்து தருவது கம்மின்ஸ் என்ற தனி இன்ஜின் நிறுவனம்; உள்ளே இருப்பது கம்மின்ஸின் 6.7 லிட்டர் இன்ஜின். அதே பாக்கார் தன் கனரக வண்டிகளுக்கான எம்.எக்ஸ். இன்ஜினைத் தானே செய்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளில் ஒன்றின் இன்ஜின் சொந்தமாகவும் மற்றொன்றின் இன்ஜின் வாங்கியதாகவும் இருக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள கேபினைச் சாய்த்து, இன்ஜினில் பதித்திருக்கும் தகட்டைத் தேடுங்கள். எண்ணெயும் புழுதியும் படிந்து தகடு இருப்பதே தெரியாமல் போயிருக்கும். டீசல் தொட்ட பழந்துணியால் நன்றாகத் துடைத்தால் எழுத்துகள் மெல்லப் புலப்படும். இன்ஜின் வரிசை எண், குதிரைத்திறன், அந்தத் திறன் கிடைக்கும் சுழற்சி வேகம், வால்வு இடைவெளி, ஆறு சிலிண்டர் இன்ஜினானால் 1-5-3-6-2-4 என்று எரியும் வரிசை ஆகியவை அதில் இருக்கும். கம்மின்ஸ் தகட்டில் சி.பி.எல். என்று ஓர் எண்ணும் காணப்படும். அந்த இன்ஜினுக்கு எந்த டர்போ, எந்தப் பிஸ்டன், எந்த இன்ஜெக்டர் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் எண் அதுதான். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இன்ஜின்களுக்கு இந்த எண் வேறுபட்டால், உள்ளிருக்கும் முக்கியப் பாகங்களும் வேறுபடும்.

எனக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர் சேசிஸ் எண்ணை மட்டும் சொல்லி இன்ஜெக்டர்களை வரவழைத்தார். வந்தவை அதே இன்ஜின் குடும்பத்தில் வேறொரு திறனுக்கு உரியவை. அவற்றைத் திருப்பியனுப்பி, சரியானவை வந்து சேரும்வரை வண்டி நான்கு நாள் பட்டறையிலேயே நின்றது. தகட்டை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

கேள்வி: கோடிக்கணக்கில் முதலீடு செய்து லாரி செய்யும் நிறுவனத்தால், அதன் உயிரான இன்ஜினைச் சொந்தமாகச் செய்ய முடியாதா? ஏன் போட்டியாளரிடம்கூட வாங்குகிறார்கள்? (ஒரு வாசகர்)

முடியும்; ஆனால் செய்த செலவை எத்தனை வண்டிகளின்மேல் பகிர்ந்து மீட்பது என்பதுதான் சிக்கல். புதிய டீசல் இன்ஜின் ஒன்றை வடிவமைத்து, பல்லாயிரம் மணிநேரம் ஓட்டிச் சோதித்து, பிளாக்கும் ஹெட்டும் வார்த்துக் கடைவதற்கான ஆலையை நிறுவ ஆகும் செலவு, ஆண்டுக்குச் சில ஆயிரம் செய்தாலும் ஒரு லட்சம் செய்தாலும் அதில் பெரும்பகுதி மாறுவதில்லை. கம்மின்ஸ் போன்ற தனி இன்ஜின் நிறுவனம் ஒரே இன்ஜினை லாரிக்கும் பேருந்துக்கும் ஜெனரேட்டருக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் படகுக்கும் விற்று அந்தச் செலவைப் பரப்பிவிடுகிறது. லாரி மட்டுமே செய்யும் நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது.

இதைப் பலமடங்கு கடுமையாக்கியவை மாசு விதிமுறைகள். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டின் விதி, கனரக டீசல் இன்ஜினிலிருந்து வெளிவரும் துகள்களை ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.01 கிராம் என்ற அளவுக்குக் குறைத்தது. 2010இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி நைட்ரஜன் ஆக்சைடுகளை 0.20 கிராமுக்குக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவில் யூரோ 6, இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 ஆகியவையும் இதே திசையில் சென்றன. முன்பு பம்பும் இன்ஜெக்டரும் சரியாக இருந்தால் போதுமென்றிருந்த இடத்தில், துகள் வடிகட்டியும் யூரியா கரைசல் தொட்டியும் வினையூக்கியும் பல சென்சார்களும் அவற்றை ஆளும் மென்பொருளும் வந்து சேர்ந்தன. இவை அனைத்தையும் இன்ஜினோடு சேர்த்துச் சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும். விதி இறுகும் ஒவ்வொரு முறையும், சொந்த இன்ஜினைத் தொடர்வதா கைவிடுவதா என்ற கணக்கை லாரி நிறுவனங்கள் மறுபடி போட நேர்ந்தது.

எனவே எண்ணிக்கையைப் பெருக்கப் பல வழிகளைத் தேடினார்கள். 1996இல் கம்மின்ஸ், இத்தாலிய லாரி நிறுவனமான ஐவெகோ, டிராக்டர் நிறுவனமான நியூ ஹாலந்து மூன்றும் சேர்ந்து ஐரோப்பிய இன்ஜின் கூட்டணியைத் தொடங்கி, லாரிக்கும் டிராக்டருக்கும் பொதுவான நடுத்தர இன்ஜின் குடும்பம் ஒன்றை உருவாக்கின. மெர்சிடிஸின் உரிமையாளரான டைம்லர் தன் குழுமத்துக்குள்ளேயே அதைச் செய்தது: அமெரிக்காவில் டெட்ராய்ட் பெயரில் 2007இல் அறிமுகமான கனரக இன்ஜின் குடும்பமே ஜப்பானில் ஃபூசோ லாரிக்கும், 2011இல் மெர்சிடிஸ் லாரிக்கும் உரிய மாற்றங்களோடு சென்றது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் லாரிப் பிரிவான டிராட்டனும் அதே பாதையில்தான் நடக்கிறது. அதில் அடங்கிய ஸ்கேனியா 2021இல் கொண்டுவந்த 13 லிட்டர் இன்ஜின், அமெரிக்காவில் இன்டர்நேஷனல் எஸ்.13 என்றும், 2024இல் எம்.ஏ.என். லாரியில் டி.30 என்றும் அறிமுகமானது.

கேள்வி: உரிமம் வாங்குவது, கூட்டு நிறுவனம் தொடங்குவது, நேரடியாக இன்ஜினை வாங்குவது, இவற்றுக்கிடையே என்ன வேறுபாடு? இந்திய நிறுவனங்கள் எதைச் செய்தன? (இயந்திரப் பொறியியல் மாணவர்)

டீசல் இன்ஜின் பிறந்ததே உரிம ஒப்பந்தத்தோடுதான். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் தன் இன்ஜினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய அதே ஆண்டில், அமெரிக்காவுக்கான உரிமையை அடால்ஃபஸ் புஷ் என்பவர் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். உரிமம் என்பது வரைபடத்தையும் செய்முறையையும் வாங்கிக்கொண்டு நம் ஆலையில் நாமே செய்வது. கூட்டு நிறுவனம் என்பது இருவரும் பணம் போட்டு ஆலை நிறுவி லாபநட்டத்தைப் பகிர்ந்துகொள்வது. நேரடிக் கொள்முதல் என்பது முடிந்த இன்ஜினைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சேசிஸில் இறக்குவது. இம்மூன்றிலும் வாங்குபவரிடம் கடைசியில் எவ்வளவு அறிவு தங்குகிறது என்பதைத்தான் நான் முதன்மையான வேறுபாடாகக் கருதுகிறேன்.

டாட்டா நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்து லாரித் தொழிலில் இறங்கியது. 1969இல் ஒப்பந்தம் முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தபோது, வண்டியைத் தானே செய்யவும் மாற்றவும் தெரிந்த நிறுவனமாக அது வளர்ந்திருந்தது. 1993இல் அதே டாட்டா, கம்மின்ஸுடன் சரிபாதிப் பங்கில் ஜம்ஷெட்பூரில் கூட்டு ஆலை தொடங்கியது. அசோக் லேலண்ட் 1980களில் ஜப்பானின் ஹினோவிடமிருந்து தொழில்நுட்பம் பெற்று, எச் வரிசை இன்ஜின்களைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டு பல தலைமுறைக்கு வளர்த்தது. உரிமத்தை ஒருவர் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

மகிந்திரா 2005இல் அமெரிக்க லாரி நிறுவனமான நேவிஸ்டாருடன் லாரிக் கூட்டும், பிறகு இன்ஜின் கூட்டும் தொடங்கியது. 2012 இறுதியில் நேவிஸ்டாரின் பங்குகளை வாங்கிக்கொள்வதாக அறிவித்துத் தனித்தே தொடர்ந்தது. வால்வோவும் ஐஷரும் 2008இல் தொடங்கிய கூட்டில், மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் ஆலை இந்தியாவுக்கு மட்டுமின்றி வால்வோ குழுமத்தின் உலகத் தேவைக்கும் 5, 8 லிட்டர் நடுத்தர இன்ஜின்களைச் செய்யும் இடமாயிற்று. தொழில்நுட்பம் பெற்ற நாட்டின் ஆலை, அதைக் கொடுத்தவருக்கே இன்ஜின் அனுப்பும் நிலைக்கு வந்தது பெருமைப்பட வேண்டிய செய்தி.

கேள்வி: கூட்டு முறிந்தால் என்ன ஆகும்? வண்டி வாங்கியவரைத் தவிர யாரும் நட்டப்படுவதில்லை என்று என் நண்பர் வாதிடுகிறார். (ஒரு வாசகர்)

வண்டி வாங்கியவர் நட்டப்படுவது உண்மை. ஆனால் பெரிய நிறுவனங்களும் இதில் தரைமட்டம்வரை போயிருக்கின்றன. ஃபோர்டு நிறுவனம் 1983ஆம் ஆண்டு மாடலிலிருந்து தன் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடமிருந்து, அதாவது பின்னாளைய நேவிஸ்டாரிடமிருந்து, டீசல் இன்ஜின் வாங்கிவந்தது. 2003இல் வந்த 6.0 லிட்டர் இன்ஜினில் பழுதுகள் மிகுந்து, உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்ற தகராறு வளர்ந்து, 2007 ஜனவரியில் ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நேவிஸ்டார் சில நாள் இன்ஜின் அனுப்புவதை நிறுத்தியது. 2009இல் சமரசம் ஏற்பட்டாலும், 2011 மாடலிலிருந்து ஃபோர்டு சொந்தமாக வடிவமைத்த 6.7 லிட்டர் இன்ஜினுக்கு மாறிவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு உறவு அதோடு முடிந்தது. அதே காலத்தில் டாட்ஜ் 1989 மாடலில் கம்மின்ஸுடன் தொடங்கிய உறவு பெயர் மாறி ராம் ஆனபின்னும் தொடர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் இசுஸுவும் 1998இல் தொடங்கிய டிமேக்ஸ் கூட்டு ஆலை இருபது ஆண்டுகளுக்குமேல் ஓடியது. 2022இல் இசுஸுவின் பங்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது.

ஃபோர்டை இழந்த நேவிஸ்டாருக்கு அடுத்த அடி அதன் சொந்த முடிவால் விழுந்தது. 2010ஆம் ஆண்டின் நைட்ரஜன் ஆக்சைடு விதியைச் சந்திக்க மற்றவர்கள் யூரியா முறையைத் தேர்ந்தார்கள். வெளியேறும் புகையில் 32.5 விழுக்காடு யூரியா கரைசலைத் தெளித்தால், அது வெப்பத்தில் அம்மோனியாவாகி, வினையூக்கியின்மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். இன்ஜினுக்குள் எரிதலைத் தாராளமாக விட்டுவிட்டு, கழிவைப் புகைக்குழாயில் சுத்தம் செய்யும் வழி இது. நேவிஸ்டார் மட்டும், ஓட்டுநருக்கு யூரியா நிரப்பும் தொல்லை வேண்டாம் என்று கூறி, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் முறை ஒன்றையே நம்பியது. புகை கலந்த காற்றில் எரியும் சூடு குறைவதால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். ஆனால் கரி கூடும், குளிர்விப்பான்மீது சுமை ஏறும், எரிபொருள் சிக்கனமும் அடிபடும். அந்த முறையால் 0.20 கிராமை எட்ட முடியவில்லை. முன்பு விதியைவிடக் குறைவாக மாசு வெளியிட்டுச் சேர்த்துவைத்திருந்த கணக்குச் சலுகைகளைச் செலவிட்டே விற்றுவந்தார்கள். அவை தீரும் நிலையில், அபராதம் கட்டி விற்க அனுமதித்த அரசு விதியைப் போட்டியாளர்கள் வழக்காடி 2012 ஜூனில் ரத்து செய்ய வைத்தார்கள். அடுத்த மாதமே நேவிஸ்டார் வழியை மாற்றிக்கொண்டது. கம்மின்ஸின் 15 லிட்டர் இன்ஜினையும் கம்மின்ஸின் யூரியா அமைப்பையும் வாங்கிப் பொருத்தியது. இன்ஜின் விற்றுவந்த நிறுவனம் இன்ஜின் வாங்கும் நிறுவனமாகி, இறுதியில் 2021 ஜூலை 1 அன்று டிராட்டனுக்கு முழுமையாகச் சொந்தமாயிற்று.

பொறியாளர்கள் திறமையற்றவர்கள் என்பதால் இது நடக்கவில்லை. ஒரே தொழில்நுட்பத்தின்மேல் எல்லாவற்றையும் பணயம் வைத்து, மாற்று வழியைத் தயாராக வைத்துக்கொள்ளாததுதான் அவர்களை வீழ்த்தியது என்பது என் கணிப்பு.

கேட்டர்பில்லரின் கதை வேறு. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கனரக லாரிகளில் அதன் மஞ்சள் இன்ஜின்கள் பெரும் இடம் பிடித்திருந்தன. அதற்கென்று சொந்த லாரி இல்லை. டைம்லரும் வால்வோவும் பாக்காரும் தத்தம் இன்ஜின்களை முன்னிறுத்தத் தொடங்கியதும் வாங்குவோர் குறைந்தனர். 2010 விதிக்காகப் புதிய முதலீடு செய்வதைவிட விலகுவதே மேல் என்று 2008 ஜூனில் அது அறிவித்தது.

கேள்வி: இன்ஜின் தயாரிப்பாளர் தவறு செய்தால் லாரி தயாரிப்பாளருக்கும் தண்டனையா? (போக்குவரத்து நிறுவன மேலாளர்)

தண்டனை இல்லாமல் இருக்கலாம். ஆனால் விற்பனையும் பெயரும் அடிபடலாம். அமெரிக்காவில் 1998இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வால்வோ ஆகிய ஏழும், சோதனையில் ஒருவிதமாகவும் நெடுஞ்சாலையில் வேறுவிதமாகவும் இன்ஜினை இயக்கிய மென்பொருளுக்காக அரசுடன் சமரசம் செய்துகொண்டு, 8.34 கோடி டாலர் அபராதம் கட்டின. இதேபோன்ற குற்றச்சாட்டில், ராம் பிக்கப்களில் இருந்த இன்ஜின்களுக்காகக் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது 2023 டிசம்பரில் தெரியவந்தது.

ஹினோவின் நிலை இன்னும் வருத்தமானது. தன் சொந்த இன்ஜின்களின் மாசு, எரிபொருள் தரவுகளைத் திருத்தியதை 2022 மார்ச்சில் அது ஒப்புக்கொண்டது. முறைகேடு குறைந்தபட்சம் 2003 முதலே இருந்ததாக விசாரணை கூறியது. அமெரிக்கச் சான்றிதழ் சிக்கலால் 2020 இறுதியிலேயே அங்கு லாரி உற்பத்தியை நிறுத்திவிட்டு, மறு ஆண்டு கம்மின்ஸ் இன்ஜினைப் பொருத்தித்தான் சந்தைக்குத் திரும்ப முடிந்தது. சொந்த இன்ஜினை மட்டும் நம்பிய நிறுவனத்தை வெளி இன்ஜின் காப்பாற்றிய நிகழ்ச்சி இது. அதே நேரத்தில் ராம் வண்டிகளின் விவகாரம், வெளி இன்ஜினை நம்பியவருக்கு வரும் இடரையும் காட்டுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இன்ஜினின் மென்பொருளைத் தானே படித்துச் சோதிக்கத் தெரிந்த ஆட்களை லாரி நிறுவனம் தன் வேலையில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் இன்ஜின் நிறுவனமே செய்வதா?

பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்புகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியதிலிருந்தே அது தனித் தொழில். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரயில் முறை லாரியில் முதலில் வந்தது 1995இல், ஹினோ ரேஞ்சர் வண்டியில், ஜப்பானின் டென்சோ செய்த அமைப்பாக. கம்மின்ஸும் ஸ்கேனியாவும், மற்ற இடங்களில் போட்டியாளர்களாக இருந்துகொண்டே, உயரழுத்த இன்ஜெக்ஷனைக் கூட்டாக உருவாக்கின.

கேள்வி: மெர்சிடிஸ் போன்ற நிறுவனமே நடுத்தர இன்ஜினைக் கம்மின்ஸிடம் வாங்கப்போகிறதாமே, இது வீழ்ச்சியின் அடையாளமா? (ஓய்வுபெற்ற மெக்கானிக்)

நான் அப்படிப் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் டைம்லர், நடுத்தர இன்ஜின்களை யூரோ 7க்கு வளர்க்கப் போவதில்லை என்றும், ஜெர்மனியின் மன்ஹைம் வளாகத்திலேயே கம்மின்ஸ் அவற்றைச் செய்து தரும் என்றும் அறிவித்தது. கனரக இன்ஜினைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மின் வண்டிக்கும் ஹைட்ரஜனுக்கும் ஒரே சமயத்தில் பணம் தேவைப்படும்போது, எண்ணிக்கை குறைந்த டீசல் இன்ஜின் ஒன்றை விட்டுக்கொடுப்பது நியாயமான கணக்கு. ஆனால் தலைமுறைகளாக அந்த இன்ஜினைப் பிரித்துக் கோத்த உங்களைப் போன்றவர்களுக்கு அது வலிக்கும் என்பதையும் உணர்கிறேன்.

கேள்வி: டாட்டா ஐவெகோவை வாங்கினால் இன்ஜின் விஷயத்தில் என்ன மாறும்? (ஒரு வாசகர்)

ராணுவ வண்டிப் பிரிவு நீங்கலாக ஐவெகோவைச் சுமார் 380 கோடி யூரோவுக்கு வாங்குவதாக டாட்டா மோட்டார்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தபோது, பலரும் லாரிகளைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதில் முதலில் கண்ணில் பட்டது எஃப்.பி.டி. என்ற இன்ஜின் பிரிவு. அது ஐவெகோ லாரிகளுக்கு மட்டும் இன்ஜின் செய்வதில்லை. 2022 தொடக்கத்தில் ஐவெகோ எந்த நிறுவனத்திலிருந்து பிரிந்துவந்ததோ அந்த சி.என்.எச். நிறுவனத்தின் டிராக்டர்கள், அறுவடை இயந்திரங்களில் பலவும் எஃப்.பி.டி. இன்ஜினில்தான் ஓடுகின்றன, வேறு நிறுவனங்களும் வாங்குகின்றன. இந்த வெளி வாடிக்கையாளர்கள் இருப்பதால்தான் அந்த இன்ஜின்களின் எண்ணிக்கை கட்டுபடியாகிறது. ஒருபுறம் கம்மின்ஸுடன் முப்பது ஆண்டு கடந்த சரிபாதிக் கூட்டு, மறுபுறம் கம்மின்ஸோடு நேருக்கு நேர் போட்டியிடும் இன்ஜின் நிறுவனம் என இரண்டையும் ஒரே குழுமம் வைத்திருக்க நேரும். எந்த லாரிக்கு எந்த இன்ஜின் என்று பிரித்துவிட்டால் இரண்டும் நிலைக்கும். எஃப்.பி.டி.யை உள்வீட்டுத் தேவைக்கு மட்டும் சுருக்கினால், சி.என்.எச். போன்றவர்கள் வேறு இன்ஜினைத் தேடுவார்கள்; அவர்கள் கதவைத் தட்டக்கூடிய முதல் நிறுவனங்களில் கம்மின்ஸும் ஒன்றாக இருக்கும்.